செத்துப்போன பிறகும் ஆயிரம் ஆண்டு வாழ்ந்த ரோம்: பைசாந்தியம் பற்றிய கேள்வி பதில்

பைசாந்தியப் பேரரசைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் நாலைந்து கேள்வி வரும் என்று நினைத்தேன். குவிந்துவிட்டன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எனக்குப் பிடித்த இடங்களில் கொஞ்சம் வளவளத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், ரோமப் பேரரசு கி.பி. 476-இல் முடிந்துவிட்டது என்று படித்தோம். அப்புறம் இந்தப் பைசாந்தியம் எங்கிருந்து முளைத்தது?

புதிதாக எதுவும் முளைக்கவில்லை. 476-இல் விழுந்தது பேரரசின் மேற்குப் பாதி. கிழக்குப் பாதி பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அதன் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள், இன்றைய இஸ்தான்புல். பைசாந்தியன் என்ற பழைய கிரேக்க ஊரை விரிவாக்கி, கான்ஸ்டன்டைன் 330 மே 11 அன்று திறந்துவைத்த நகரம் அது. அங்கிருந்த அரசு, இடையில் ஒரு பெரிய முறிவோடு, 1453 வரை நீடித்தது.

வேடிக்கை என்னவென்றால், ‘பைசாந்தியப் பேரரசு’ என்ற பெயரை அந்தப் பேரரசில் வாழ்ந்த ஒருவரும் கேட்டதில்லை. அது விழுந்து நூறு ஆண்டு கழித்து, 1557-இல் ஹிரோனிமஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் வெளியிட்ட தொகுப்பிலிருந்து மெல்ல மெல்லப் பரவிய பெயர் அது. அவர்கள் தங்களை ‘ரோமையோய்’, அதாவது ரோமர், என்றார்கள். நாட்டை ‘ரோமானியா’ என்றார்கள்.

800-இல் ரோம் நகரில் போப், ஃபிராங்கு அரசர் சார்லமேனுக்குப் பேரரசராக முடிசூட்டினார். அதன்பின் ஒரு பட்டத்துக்கு இரண்டு பேர். மேற்கில் இருந்தவர்கள் கிழக்குப் பேரரசரை ‘கிரேக்கர்களின் அரசர்’ என்று எழுதத் தொடங்கினார்கள். சொத்துத் தகராறில் பங்காளியின் இனிஷியலை மாற்றி எழுதுகிற வேலைதான்.

கேள்வி: ஆனால் அவர்கள் பேசியது கிரேக்கம்தானே? லத்தீன் தெரியாதவர் எப்படி ரோமர் ஆவார்?

212-இல் பேரரசர் காரகல்லா, பேரரசுக்குள் இருந்த சுதந்திர மக்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ரோமர் என்பது மொழியையோ பிறந்த ஊரையோ பொறுத்த விஷயமாக இல்லை. கிழக்கில் ரோம் ஆண்ட காலம் முழுக்கவே தெருவில் பேசியது பெரும்பாலும் கிரேக்கம். ஆறாம் நூற்றாண்டுப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் ரோமச் சட்டம் முழுவதையும் லத்தீனில் தொகுத்தார்கள், 534-இல் வேலை முடிந்தது. அதன்பின் அவரே போட்ட புதுச் சட்டங்களில் பெரும்பகுதி கிரேக்கத்தில் இருக்கிறது. மக்களுக்குப் புரிய வேண்டுமே.

கேள்வி: குர்ஆனில் ‘அர்ரூம்’ என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அந்த ரோமர்கள் இவர்கள்தானா?

இவர்களேதான். அந்த 30-ஆம் அத்தியாயம், ரோமர்கள் அருகிலுள்ள நிலத்தில் தோற்கடிக்கப்பட்டதையும், சில ஆண்டுகளில் அவர்கள் மீண்டும் வெல்வார்கள் என்பதையும் சொல்கிறது. 614-இல் பாரசீகர்கள் ஜெருசலேமைப் பிடித்தார்கள். சிரியா, எகிப்து எல்லாம் கை நழுவின. 626-இல் தலைநகரையே அவார் என்ற நாடோடி இனத்தாரும் பாரசீகர்களும் இரு கரைகளிலிருந்து நெருக்கினார்கள். பேரரசர் ஹெராக்ளியஸ் அசரவில்லை. பாரசீகத்துக்குள்ளேயே படை நடத்திப்போய், 628-இல் சண்டையை வெற்றியோடு முடித்தார். பாவம், எட்டே ஆண்டுதான். 636-இல் யர்மூக் ஆற்றங்கரையில் அரபுப் படை அவருடைய படையை முறியடித்தது. மீட்ட நிலமெல்லாம் மறுபடி போயிற்று, இந்த முறை நிரந்தரமாக.

ரூம் என்ற சொல்லை வேறு இடங்களிலும் பார்த்திருப்பீர்கள். கவிஞர் ரூமிக்கு அந்தப் பெயர் வந்தது, அவர் வாழ்ந்த அனத்தோலியாவை, அதாவது இன்றைய துருக்கியின் பெரும்பகுதியை, ரூம் என்று அழைத்ததால். லக்னோவில் இருக்கும் ரூமி தர்வாஸாவின் ரூமியும் அந்த வழியில் வந்ததுதான்.

கேள்வி: அண்ணா, நம்ம ஊருக்கும் இவர்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? சங்கப் பாடல்களில் வரும் யவனர் இவர்கள்தானே?

சங்கப் பாடல்களின் யவனர் இவர்களுக்கு முன்னோர் என்று வைத்துக்கொள்ளலாம். முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு போனவர்கள் கான்ஸ்டான்டிநோபிள் உருவாவதற்குச் சில நூற்றாண்டு முந்தையவர்கள். ஆனால் வணிகம் அதோடு நின்றுவிடவில்லை. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமச் செப்புக் காசுகள் இலங்கையில் கொத்துக் கொத்தாகக் கிடைத்திருக்கின்றன. தமிழகத்திலும் கிடைத்திருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் காஸ்மாஸ் என்று ஒரு வணிகர், பிற்பாடு துறவி. அவர் எழுதிய நூலில் மலபார் மிளகு வருகிறது. ‘கபேர்’ என்றொரு துறைமுகமும் வருகிறது. அது காவிரிப்பூம்பட்டினம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அதே நூலில்தான் சோபாத்ரோஸ் என்ற ரோம வணிகரின் கதையும் இருக்கிறது.

சோபாத்ரோஸ் இலங்கையில் இறங்கியபோது பாரசீகர் ஒருவரும் வந்து இறங்கினாராம். இருவரையும் அரசன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ‘உங்கள் இருவரின் அரசர்களில் யார் பெரியவர்?’ என்று அரசன் கேட்டான். பாரசீகர் முந்திக்கொண்டு தன் அரசரின் பெருமையை அளந்துவிட்டார். சோபாத்ரோஸ் வாயே திறக்கவில்லை. கேட்டபோது, ‘இரண்டு அரசர்களும் இங்கேயே இருக்கிறார்களே, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிக் காசுகளைக் காட்டினார். பாரசீகக் காசு வெள்ளி. ரோமக் காசு பளபளக்கும் பொன். அரசன் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு ரோமர் பக்கம் தீர்ப்புச் சொன்னான். சோபாத்ரோஸை யானைமேல் ஏற்றி, மேளம் கொட்டி ஊர்வலம் விட்டார்கள்.

கதையில் எவ்வளவு உண்மையோ, அந்தக் காசு மட்டும் உண்மை. ஒரு ராத்தல் பொன்னுக்கு 72 காசு, ஒவ்வொன்றும் சுமார் நாலரை கிராம். கான்ஸ்டன்டைன் காலத்தில் தொடங்கி ஏழு நூற்றாண்டுக்கு மேல் தரம் பெரிதாகக் குறையாமல் அடித்தார்கள். அந்தப் பேரரசின் வண்டி ஓடியதே இதனால்தான் என்பேன். வரி பொன்னாக வந்தது, படைக்குச் சம்பளம் பொன்னாகப் போனது, எதிரியை விலைக்கு வாங்கவும் பொன்தான். பதினோராம் நூற்றாண்டில் காசில் கலப்படம் ஆரம்பித்தது. 1080-களில் அதில் பொன் பெயருக்குத்தான் இருந்தது. 1071-இல் மான்சிகெர்ட் போரில் செல்ஜூக் துருக்கியர் பேரரசரையே சிறைபிடித்ததும் அதே காலத்தில்தான். அலெக்சியோஸ் கொம்னெனோஸ் 1092-இல் காசைச் சீர்திருத்தி ஓரளவு நிமிர்த்தினார்.

கேள்வி: தியோடோரா உண்மையிலேயே நாடகக்காரியா? கதை கட்டினார்களா?

ஜஸ்டினியனின் மனைவி தியோடோரா நடிகைதான். அப்பா கரடி வளர்ப்பவர். மற்றபடி அவளைப் பற்றி அந்தக் கால வரலாற்றாசிரியர் புரொகோபியஸ் இரகசியமாக எழுதிவைத்த அசிங்கங்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அந்த ஆளுக்கு அரசவைமேல் அவ்வளவு எரிச்சல். 532 ஜனவரியில் தேரோட்ட ரசிகர் கூட்டங்களான நீலமும் பச்சையும் ஒன்றுசேர்ந்து நகரைக் கொளுத்தின. ஜஸ்டினியன் கப்பலேறத் தயாரானபோது, ஓடிப் பிழைப்பதைவிட அரசியாகவே சாகிறேன் என்ற பொருளில் பேசி அவரைத் தடுத்தது தியோடோரா என்று அதே புரொகோபியஸ்தான் எழுதுகிறார். பின்னர் தேரோட்டத் திடலில் படையை ஏவினார்கள். இறந்தவர்கள் முப்பதாயிரம் பேர் என்கிறார்.

கேள்வி: தண்ணீரிலும் எரியுமாமே, அந்த கிரேக்க நெருப்பு எப்படிச் செய்தார்கள்?

அது தெரிந்தால் இரகசியம் என்ன ஆவது? ஏழாம் நூற்றாண்டில் சிரியாவிலிருந்து அகதியாக வந்த கல்லினிகோஸ் என்பவர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். கச்சா எண்ணெய் அடிப்படையான ஒரு கலவையைச் சூடாக்கி, அழுத்தத்தோடு குழாய்வழி எதிரிக் கப்பல்மேல் பீய்ச்சினார்கள் என்பது பொதுவான கருத்து. 717-18 முற்றுகையில் அரபுக் கடற்படையை விரட்ட அது பெரிதும் உதவியது. பத்தாம் நூற்றாண்டில் ஒரு பேரரசர் தன் மகனுக்கு எழுதிவைத்த அறிவுரையில், வேறு எதைக் கேட்டாலும் இதை மட்டும் அயலாருக்குக் கொடுக்காதே என்கிறார். மகன்களும் பேரன்களும் அவ்வளவு பத்திரமாகக் காத்ததில் கடைசியில் அவர்களுக்கே மறந்துபோயிற்று.

ஆனால் எல்லோரும் நெருப்பைக் கேட்கிறீர்கள், மதிலை ஒருவரும் கேட்கவில்லை. 413 வாக்கில் எழுப்பிய தரைப்பக்க மதில், முன்னால் அகழி, பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சுவர், ஆறு கிலோமீட்டர் நீளம். ஆயிரம் ஆண்டு தாங்கியது.

கேள்வி: ஆட்சியைப் பிடிக்க மூக்கை அறுப்பார்கள், கண்ணைத் தோண்டுவார்கள் என்கிறார்களே?

உண்மை. உடலில் குறையுள்ளவர் பேரரசராக முடியாது என்ற எண்ணம் இருந்ததால், கொல்வதைவிட இது ‘கருணை’ என்று நினைத்தார்கள். மூக்கறுபட்ட இரண்டாம் ஜஸ்டினியன் 705-இல் திரும்பி வந்து அரியணை ஏறிவிட்டார். 797-இல் பெற்ற மகனின் கண்ணையே பறித்துவிட்டுத் தனியாக ஆண்டவள் ஐரீன்.

கேள்வி: நான் கத்தோலிக்கன். ஆர்த்தடாக்ஸ் சபை நம்மிடமிருந்து பிரிந்தது 1054-இல் என்று படித்தேன். ஒரு சண்டைக்காகவா இத்தனை காலம்?

1054 ஜூலையில் போப்பின் தூதர் ஹம்பர்ட், கான்ஸ்டான்டிநோபிளின் பெரிய தேவாலயமான ஹாகியா சோபியாவின் பீடத்தில் விலக்கல் ஆணையை வைத்துவிட்டுப் போனார். அவரை அனுப்பிய போப் அதற்குச் சில மாதம் முன்பே இறந்திருந்தார். அன்றைக்கு அதைப் பெரிய பிளவாக யாரும் நினைக்கவில்லை. இரு பக்கத்து விலக்கல்களையும் 1965-இல் நீக்கினார்கள். ஆறாத புண் 1204-தான்.

நான்காம் சிலுவைப் போருக்குக் கிளம்பியவர்கள் எகிப்து போவதாகத் திட்டம். 33,500 பேர் வருவார்கள் என்று சொல்லி, 85,000 மார்க் வெள்ளிக்கு வெனிஸ்காரர்களிடம் கப்பலுக்குப் பேசினார்கள். வந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். கடன் கழுத்தை நெரித்தது. அந்த நேரம் பார்த்து, பதவியிழந்த பைசாந்திய இளவரசன் ஒருவன் வந்து, ‘என்னை அரியணையில் உட்காரவையுங்கள், இரண்டு லட்சம் மார்க் தருகிறேன்’ என்றான். உட்காரவைத்தார்கள். அவனால் கொடுக்க முடியவில்லை, அவனையும் கொன்றுவிட்டார்கள் உள்ளூரில். 1204 ஏப்ரலில் சிலுவை தரித்த படை, உலகின் மிகப் பெரிய கிறிஸ்தவ நகரை மூன்று நாள் சூறையாடியது. கடல்பக்கச் சுவர் வழியாகத்தான் நுழைந்தார்கள். வெனிஸ் புனித மாற்கு ஆலயத்துக்குப் போனால் நான்கு வெண்கலக் குதிரைகளைப் பார்க்கலாம். அவை அன்றைய கொள்ளை.

1261-இல் பைசாந்தியர் நகரை மீட்டார்கள். ஆனால் எலும்பும் தோலுமாகத்தான். போப் இரண்டாம் ஜான் பால் 2001-இல் ஏதென்ஸ் போனபோது இந்தச் சூறையாடலைக் குறிப்பிட்டு வருந்தினார். எட்டு நூறு ஆண்டுக்குப் பிறகும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

கேள்வி: 1453-இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்து வழியை அடைத்ததால்தான் வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்தார் என்று என் மகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சரிதானா?

நானும் அதைத்தான் எழுதி மார்க் வாங்கினேன். ஆனால் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மலபார் மிளகு செங்கடல் வழியாகக் கெய்ரோ, அலெக்சாண்டிரியா போய், அங்கிருந்து வெனிஸ் போனது. கான்ஸ்டான்டிநோபிள் அந்தப் பாதையிலேயே இல்லை. எகிப்து மம்லூக் சுல்தான்களின் கையில் இருந்தது. கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த உஸ்மானியத் துருக்கியர் அதைப் பிடித்தது 1517-இல், வாஸ்கோடகாமா வந்து பத்தொன்பது ஆண்டு கழித்து. போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்கக் கரையில் கால்வைத்ததோ 1415-இல், செயுட்டாவில். அடைபட்ட வழி என்பதைவிட, இடைத்தரகர்களுக்குக் கொடுத்த காசுதான் அவர்களை உறுத்தியது. கருங்கடல் வணிகத்தில் ஜெனோவாக்காரர்கள் அடிபட்டது மட்டும் நிஜம்.

‘அறிஞர்கள் ஓடிவந்ததால் மறுமலர்ச்சி’ என்பதும் இதே வகை. கிரிசொலோராஸ் என்ற பைசாந்திய அறிஞர் ஃபிளாரன்சில் கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கியது 1397-இல். நகரம் விழுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஆட்கள் போய்விட்டார்கள்.

முற்றுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுல்தான் இரண்டாம் மெஹ்மதுக்கு அப்போது 21 வயது. மதிலைப் பிளந்த பீரங்கியை வார்த்த ஓர்பன் என்ற ஹங்கேரிக்காரர் முதலில் போய் நின்றது பேரரசர் பதினொன்றாம் கான்ஸ்டன்டைனிடம்தான். அவரால் அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. பொற்காசு அடிப்பது நின்று ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகியிருந்தது. தேவாலயங்களின் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கிக் காசடித்து வீரர்களுக்குக் கொடுத்தார். ஏழாயிரம் பேர் அளவில் ஒரு படை, எதிரே அதைப் போல எட்டு, பத்து மடங்கு. மே 29 விடியலில் நகரம் விழுந்தது. பேரரசர் சண்டையில் இறந்தார்.

கேள்வி: ஹாகியா சோபியா இப்போது மசூதியா, மியூசியமா?

மசூதி. 537-இல் தேவாலயம், 1453-இல் மசூதி, 1935-இல் அருங்காட்சியகம், 2020-இல் மறுபடி மசூதி. முதல் குவிமாடம் 558-இல் இடிந்து விழுந்தது. இன்று அண்ணாந்து பார்ப்பது 562-இல் மறுபடி கட்டியதும் பின்னர் பழுதுபார்த்ததும்.

கேள்வி: ரஷ்யா தன்னை ‘மூன்றாம் ரோம்’ என்பது எதனால்?

முதல் ரோமும் இரண்டாம் ரோமான கான்ஸ்டான்டிநோபிளும் விழுந்தபின் வாரிசு தாங்கள்தான் என்ற வாதம் அது. 988-இல் கீவ் அரசர் விளாதிமிர் ஞானஸ்நானம் பெற்றது கான்ஸ்டான்டிநோபிள் வழியில். 1472-இல் மாஸ்கோவின் மூன்றாம் இவான், கடைசிப் பேரரசரின் தம்பி மகளான சோஃபியாவைக் கட்டினார். ரஷ்ய எழுத்துக்கும் வேர் இங்கேதான். சிரில், மெத்தோடியஸ் என்ற பைசாந்திய மதபோதகச் சகோதரர்களின் மாணவர் வழியில் பல்கேரியாவில் உருவானது அது.

கேள்வி: அந்த மக்கள் என்ன ஆனார்கள்? எப்போது கிரேக்கர் ஆனார்கள்?

உஸ்மானியர் ஆட்சியிலும் அவர்கள் ரூம்தான். இஸ்தான்புல்லில் மிச்சமிருக்கும் கிரேக்கர்களை இன்றும் துருக்கியில் ரூம் என்றே சொல்கிறார்கள். எப்போது மாறினார்கள் என்பதற்கு, லெம்னோஸ் தீவில் பிறந்த வரலாற்றாசிரியர் பீட்டர் கரானிஸ் தன் சிறுவயதிலிருந்து சொன்ன ஒரு சம்பவம் உண்டு. 1912-இல் கிரேக்கக் கடற்படை அந்தத் தீவை உஸ்மானியரிடமிருந்து பிடித்தது. கிராமச் சதுக்கத்தில் வீரர்கள் நின்றார்கள். வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் ஓடினார்கள். ‘என்ன பார்க்கிறீர்கள்?’ என்று ஒரு வீரர் கேட்டார். ‘ஹெலனியர்களைப் பார்க்க வந்தோம்’ என்றார்கள். ‘நீங்களும் ஹெலனியர், அதாவது கிரேக்கர்தானே?’

‘இல்லை, நாங்கள் ரோமர்கள்.’