“தூங்கினால் செத்துப்போவீங்களா, ஆன்ட்டி?”

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். சி.எஸ்.ஐ. சபை. ஏழு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி எங்களிடம் வந்து நாலு மாதம் ஆகிறது. தத்துக்கான டி.சி. (மாவட்ட ஆட்சியர்) உத்தரவு இன்னும் வரவில்லை. அவளுடைய அம்மா நோயில் இறந்து ஒன்றரை வருடம். அது கன்னடம் பேசும் இந்துக் குடும்பம், தமிழும் பேசுவாள். இரவு ஒரு மணி வரை தூங்குவதில்லை. நான் கண்ணயர்ந்தால் உலுக்கி எழுப்பி, “தூங்கினால் செத்துப்போவீங்களா, ஆன்ட்டி?” என்கிறாள். அம்மா என்று கூப்பிடவே மாட்டேன் என்கிறாள். குடும்ப ஜெபத்தில் மாமியார், “உன் அம்மா நித்திரையடைந்தாள், கர்த்தர் உன்னை எங்களுக்குத் தந்தார்” என்று சொன்னால் காதைப் பொத்திக்கொள்கிறாள். போன வாரம் அவள் பையிலிருந்த பழைய புடவைத் துண்டைத் துவைத்துவிட்டேன். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. கிறிஸ்துமஸுக்குள் ஞானஸ்நானம் கொடுத்து, கிரேஸ் என்று பெயர் வைக்கலாம் என்கிறார் கணவர். எங்கே தவறுகிறோம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தூக்கம். ‘நித்திரையடைந்தாள்’ என்பது நமக்கு ஆறுதல். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதன் பொருள், தூங்கப் போன அம்மா எழுந்திருக்கவில்லை என்பதுதான். தம் நண்பன் லாசரு நித்திரையடைந்தான் என்று இயேசு சொன்னபோது சீஷர்களே வெறும் தூக்கம் என்று எண்ணிக்கொண்டார்கள். அதனால்தான் அவர், “லாசரு மரித்துப்போனான்” என்று வெளிப்படையாகச் சொன்னார் (யோவான் 11:14). மாமியாரிடம் இந்த வசனத்தையே காட்டுங்கள். நான் சொல்வதைவிட எடுபடும்.

பிள்ளையிடம் பகல் நேரத்தில் சொல்லுங்கள்: “அம்மா செத்துப்போயிட்டாங்க. நோய் ரொம்ப முத்தி அவங்க உடம்பு நின்னுபோச்சு. தூக்கம் வேற. தூங்கும்போது மூச்சு ஓடும், காலைல எழுந்திடுவோம். நீ செஞ்ச எதனாலயும் அது நடக்கல.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தான் அடம்பிடித்ததால்தான் அம்மா போய்விட்டாள் என்று இந்த வயதுப் பிள்ளைகள் பலர் வெளியே சொல்லாமல் நம்புவார்கள். படுத்ததும் அவள் கையை எடுத்து உங்கள் நெஞ்சின்மேல் வையுங்கள், மூச்சு ஏறி இறங்குவது தெரியட்டும். பிறகு, “பத்து நிமிஷத்துல வந்து பார்ப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். சரியாகப் பத்தாவது நிமிடம் வந்து நிற்கவேண்டும். ஒருநாள் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். சில நாள் கழித்துப் பதினைந்தாக்கலாம். நடு இரவில் எழுப்பினால் திட்டாதீர்கள், உயிரோடு இருக்கிறீர்களா என்றுதான் பார்க்கிறாள்.

‘உன்னை எங்களுக்குத் தந்தார்’ என்பது அவள் காதில், ‘எங்களுக்குப் பிள்ளை வேண்டும் என்பதற்காக உன் அம்மாவைச் சாகவிட்டார்’ என்று விழும். “உங்க அம்மா போனது எங்களுக்கும் வருத்தம். நீ வந்தது சந்தோஷம்.” இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள், நடுவில் ‘அதனால்’ வரவே கூடாது.

புடவைத் துண்டில் இருந்தது வாசனை. அது திரும்பாது. “கேட்காம துவைச்சது என் தப்பு” என்று சொல்லிவிட்டு, ஒரு துணிப்பையைக் கொடுங்கள். இனி அவளே எடுப்பாள், அவளே வைப்பாள்.

கன்னடத்திலும் தமிழிலும் ‘அம்மா’ ஒரே சொல். அவள் அதை ஒருவருக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டாள். ஆன்ட்டியோ மம்மியோ, வாயில் வருவது வரட்டும்.

பெயரை மாற்றவேண்டாம். தாயும் வீடும் போனபின் மிஞ்சியிருப்பது, அவளைப் பெற்றவர்கள் கூப்பிட்ட அந்தப் பெயர்தான். தாயும் தகப்பனும் இறந்தபின் மொர்தெகாய் எடுத்து வளர்த்த எஸ்தருக்கு அத்சாள் என்ற பெயரும் உண்டு. வேதம் அதை மறைக்கவில்லை. ஞானஸ்நானத்துக்கும் இப்போது அவசரமில்லை. டி.சி. உத்தரவு வரும்வரை நீங்கள் வளர்ப்புப் பெற்றோர் மட்டுமே. வந்த பிறகும், ஆயரிடம் பேசி, அவளாகக் கேட்கும் நாளுக்குக் காத்திருங்கள். அதுவரை ஜெபத்தில் அவள் தாயின் பெயரைச் சொல்லுங்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்கிற 13ஆம் சங்கீதத்தை வாசிக்கலாம். கோபத்தோடும் ஜெபிக்கலாம் என்று அவளுக்குத் தெரியட்டும். கன்னடத்தில் ஜெபித்தால் இன்னும் நல்லது.

“எங்கம்மா நரகத்துக்கா போனாங்க?” என்று ஒருநாள் கேட்பாள். ஓய்வுநாள் பள்ளி டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். “தேவன் இரக்கமுள்ளவர், உன் அம்மாவை அவருக்கு நல்லாத் தெரியும்” என்பது போதும். அதற்குமேல் யாரும் விளக்கம் கொடுக்க வேண்டாம்.

பிள்ளை உங்களிடம் வந்த நாளிலிருந்து இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிலவர அறிக்கை எடுப்பார்கள். சமூகப் பணியாளரிடம் தூக்கம் கெடுவதை மறைக்காதீர்கள். பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் மறைக்கிறவர்களுக்குத்தான் உதவி தாமதமாகிறது. சில வாரம் பார்த்தும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை என்றால் நிம்ஹான்ஸ் குழந்தை மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். “அம்மாகிட்ட போகணும்” என்பது பெரும்பாலும் ஏக்கம்தான். ஆனாலும் எப்படிப் போவாய் என்று நேராகக் கேளுங்கள். வழி ஏதாவது சொன்னால் அன்றே டாக்டரிடம் போகவேண்டும். இரவானால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416.

அவள் இருந்த குழந்தைகள் இல்லத்தில் கேட்டு அவள் தாய் இறந்த தேதியை வாங்கிக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த வாரத்தில் தூக்கம் மறுபடி கெடும், விருந்தாளிகளை அழைக்காதீர்கள்.