புற்றுநோய் மாத்திரையோடு மஞ்சள் கேப்சூல் சேரலாமா?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு ஈரல் புற்றுநோய். சோராஃபெனிப் 200 மி.கி. மாத்திரை காலையில் 2, இரவில் 2 சாப்பிடுகிறார். மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் கலந்த கேப்சூலைச் சேர்த்துக் கொடுத்தால் புற்றணுக்கள் சீக்கிரம் செத்துவிடும் என்று ஆராய்ச்சியிலேயே வந்திருக்கிறதாம். சித்தப்பா வாங்கியே வந்துவிட்டார். கீழாநெல்லிச் சாறும் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கேப்சூல் வேண்டாம்மா. சித்தப்பா சொல்லும் ஆராய்ச்சி பொய்யில்லை. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த ஈரல் புற்றணுக்களின் மேல் மஞ்சளின் குர்குமினையும் சோராஃபெனிப்பையும் சேர்த்து ஊற்றினால், தனித்தனியாக ஊற்றுவதைவிடக் கூடுதல் அணுக்கள் சாகின்றன. ஆனால் அங்கே ஊற்றும் குர்குமின் பெரும்பாலும் 10 மைக்ரோமோலாருக்கு (செறிவை அளக்கும் அலகு) மேல். மனிதர்களுக்குத் தினம் 8 கிராம் கொடுத்துப் பார்த்தபோதும் ரத்தத்தில் சராசரியாக 2 மைக்ரோமோலார்கூட ஏறவில்லை. குடலும் ஈரலும் அதை உடனே மாற்றிக் கழித்துவிடுகின்றன.

அதைத் தடுக்கத்தான் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். வினையும் அங்கேதான். குர்குமினைக் கழிக்கிற ஈரல் நொதிகளைப் பைப்பரின் மட்டுப்படுத்துகிறது. சோராஃபெனிப்பைக் கழிப்பதும் அதே வகை நொதிகள்தாம். மருந்து ரத்தத்தில் தேங்கினால் உள்ளங்கை, உள்ளங்கால் கொப்பளிக்கும், வயிறு போகும், பிரஷர் ஏறும். அப்புறம் மருத்துவர் மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டிவரும். போதாக்குறைக்கு, இந்த மாதிரி கேப்சூல்களால் நல்ல ஈரல் உள்ளவர்களுக்கே ஈரல் அழற்சி வந்த பதிவுகள் உண்டு.

குழம்பு மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். அரை ஸ்பூன் பொடி ஒன்றரை கிராம் என்றால், அதில் குர்குமின் சுமார் 45 மி.கி.தான், அதுவும் வீட்டில் எல்லோருக்கும் பங்காகிறது. 500 மி.கி. கேப்சூல் ஒன்றில் 475 மி.கி. வரை இருக்கும். மிளகு ரசமும் சாப்பிடலாம்.

கீழாநெல்லிக்குப் பேர் வாங்கித் தந்தது 1988-ல் வெளிவந்த சென்னை ஆய்வு. அது ஹெபடைட்டிஸ் பி கிருமியைப் பற்றியது, புற்றுநோயைப் பற்றியது அல்ல. பின்னால் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவும் இல்லை. அதனால் அதுவும் வேண்டாம். சீந்தில் கொடி கண்டிப்பாக வேண்டாம். ஈரலைக் கெடுத்த பதிவுகள் இருக்கின்றன. மூலிகை என்றால் இளக்காரம் என்று நினைக்காதீர்கள். நம் வேலியோரத்து நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வருகிறது. ஆனால் அதைப் பிரித்து, மில்லிகிராம் கணக்கில் ஊசியாகப் போடுகிறோம். இலையை அரைத்துக் கொடுப்பதில்லை. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவரைப் பார்ப்பதானால் மாத்திரைச் சீட்டையும் ஈரல் ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். அவர் எழுதித் தருவதைப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிய பிறகே தொடங்குங்கள்.

கேப்சூலை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே நிறுத்திவிட்டு, ஈரலுக்கான ரத்தப் பரிசோதனைகளான பிலிருபின், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி பார்த்துவிடுங்கள். சோராஃபெனிப்பை வெறும் வயிற்றில் கொடுங்கள்: காலை 6 மணிக்கு மாத்திரை, 7 மணிக்கு மேல் இட்லி, இரவுச் சாப்பாடு 7 மணிக்கு, மாத்திரை 9 மணிக்கு மேல். எண்ணெய், நெய் மிகுந்த சாப்பாட்டோடு போட்டால் மருந்து சரியாக ஏறாது.

கண் மஞ்சளாவது, மலம் கறுப்பாகப் போவது, வயிறு உப்புவது, பகலில் தூங்கி ராத்திரி விழித்துப் பிதற்றுவது, இதில் எது தெரிந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.