'பக்' என்ற சொல்லுக்குள் ஒரு பூச்சி: கேள்வி பதில்

மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் நாள் முழுக்கச் சொல்லும் சொல் 'பக்'. நிரலில் எங்கே பிழை வந்தாலும் அதற்கு அதுதான் பெயர். ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி. இந்தச் சொல்லின் பின்னால் பல வருடமாக அலைந்தவன் என்பதால், கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, நான் பொறியியல் முதலாமாண்டு படிக்கிறேன். கம்ப்யூட்டருக்குள் பூச்சி மாட்டியதால்தான் 'பக்' என்ற பெயர் வந்தது, அதைப் பிடித்தவர் அமெரிக்கக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் என்று வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?

பூச்சி மாட்டியது உண்மை. அதனால்தான் பெயர் வந்தது என்பது உண்மையில்லை.

1947 செப்டம்பர் 9. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்ற பெரிய கணிப்பொறி ஓடிக்கொண்டிருந்தது. அது ரிலே என்ற மின் சுவிட்சுகளால் ஆனது. மின்காந்தம் இழுத்தால் இரண்டு உலோகத் தொடுமுனைகள் ஒட்டும், விட்டால் பிரியும். நடுவில் சின்னத் துரும்பு சிக்கினாலும் கணக்கு தப்பிவிடும். அன்று மாலை மூன்றே முக்காலுக்கு, 'எஃப்' பலகையில் 70ஆம் எண் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதை எடுத்து, பணிக்குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டி, கீழே எழுதினார்கள்: 'நிஜமாகவே பக் கண்டுபிடிக்கப்பட்ட முதல் சம்பவம்.'

அந்த 'நிஜமாகவே'யைக் கவனியுங்கள். கோளாறை 'பக்' என்று சொல்லிப் பழகிய ஆட்களுக்குத்தான், ஒரு நாள் உண்மையான பூச்சியே கிடைத்தால் இப்படி எழுதத் தோன்றும். சொல் முன்பே இருந்தது என்பதற்கு அந்த வரியே சாட்சி. ஹாப்பர் அந்தக் குழுவில் இருந்தார். பிற்பாடு மேடை மேடையாக இந்தக் கதையைச் சொன்னதும் அவர்தான். ஆனால் பூச்சியைப் பிடித்தது அவர் இல்லை. நிரல்மொழிகளுக்கு அவர் செய்தது எவ்வளவோ இருக்கிறது, அதை வைத்து அவரைக் கொண்டாடலாம்.

அப்படியானால் முதலில் சொன்னது யார்?

எழுத்தில் கிடைக்கும் பழைய சான்றுகளில் முக்கியமானவை தாமஸ் எடிசனின் கடிதங்கள். 1878 மார்ச்சில், வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்தின் தலைவர் வில்லியம் ஆர்ட்டனுக்கு எழுதும்போது, 'என் கருவியில் ஒரு பக் கண்டேன், ஆனால் அது தொலைபேசியில் இல்லை' என்கிறார். அழைப்பு மணியில்தான் அது குடியிருக்கிறது என்று சொல்லி, அந்தப் பூச்சிக்கு விளையாட்டாக ஓர் உயிரியல் பெயரும் சூட்டுகிறார். அதே வருடம் நவம்பரில் இன்னொரு கடிதத்தில், சின்னச் சின்னக் குறைகளை 'பக்' என்று அழைக்கிறார்கள் என்று எழுதுகிறார். 'அழைக்கிறார்கள்' என்பதால், பட்டறையில் மற்றவர்கள் வாயிலும் அது புழங்கியது தெரிகிறது. எடிசன் இளமையில் தந்தி ஆபரேட்டராக வேலை பார்த்தவர்.

தம்பி, நான் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேகமாக அடிக்கும் ஒருவகைத் தந்திச் சாவிக்கே 'பக்' என்று பெயர் உண்டு. அதிலிருந்து வந்திருக்குமோ?

நல்ல கேள்வி, ஐயா. நீங்கள் சொல்வது வைப்ரோப்ளெக்ஸ் சாவி. அதன் முத்திரையே ஒரு வண்டுதான். ஆனால் அது சந்தைக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். எடிசன் கடிதமோ 1878. காலம் ஒத்துவரவில்லை.

பக்கைத் தேடி நீக்குவதை டீபக்கிங் என்கிறார்களே, அந்தச் சொல்லாவது கம்ப்யூட்டர்காரர்களுடையதுதானே?

இல்லை. 1945இலேயே விமான எஞ்சின் பற்றிய எழுத்தில் அது வந்துவிட்டது.

'பக்' என்றால் பூச்சி மட்டும்தானா? வேறு பொருள் ஏதும் உண்டா, அண்ணா?

உண்டு. பழைய ஆங்கிலத்தில் அதே ஒலியுள்ள ஒரு சொல்லுக்குப் பேய், பிசாசு என்று பொருள். 1535இல் வந்த கவர்டேல் விவிலியத்தில், 91ஆம் சங்கீதத்தில் 'இரவில் உண்டாகும் பயங்கரத்துக்கு' என்று நம் தமிழ் விவிலியத்தில் இருக்கும் இடத்தில் இந்தச் சொல்தான் நிற்கிறது. அதனால் அந்தப் பதிப்புக்கே 'பக் பைபிள்' என்று பெயர் விழுந்துவிட்டது.

நம் மொழியிலும் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். குழந்தையைப் பயமுறுத்துவதைப் 'பூச்சி காட்டுவது' என்கிறோம். பெரியாழ்வார் பாட்டில் கண்ணன் 'அப்பூச்சி காட்டுகின்றான்'. இரண்டு மொழிக்கும் இதில் தொடர்பு எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஒளிந்திருந்து தொல்லை தருவது எது என்று யோசித்தால், இரண்டு ஊர் மனிதர்களுக்கும் ஒன்றேதான் தோன்றியிருக்கிறது.

நான் டெஸ்ட்டிங்கில் இருக்கிறேன். கிளிட்ச் என்பதும் பக் என்பதும் ஒன்றா?

புழக்கத்தில் கலந்துதான் சொல்கிறோம். கிளிட்ச் என்றால் சட்டென்று வந்து போகும் கோளாறு. பக் அப்படிப் போகாது, நிரலிலேயே உட்கார்ந்திருக்கும், எடுத்தால்தான் போகும். கிளிட்ச்சின் வேரில் இருப்பது 'வழுக்குதல்'. அதை அடுத்த கேள்விக்காக நினைவில் வையுங்கள்.

சார், நான் மென்பொருள்களைத் தமிழாக்கம் செய்கிறேன். 'பக்' என்பதற்கு 'வழு' என்று போடுகிறோம். புரியாத சொல் என்று சிலர் குறை சொல்கிறார்கள். 'பிழை' போதாதா?

'வழு'வையே வையுங்கள், தயவுசெய்து. 'பிழை'யை எரருக்கு வைத்துக்கொள்ளலாம்.

வழு, வழுவுதல், வழுக்குதல் எல்லாம் ஒரே குடும்பம். இருக்க வேண்டிய இடத்திலிருந்து நழுவியது வழு. தவறைச் சொல்லும் நம் சொற்களில் பல உடம்பிலிருந்தே வந்தவை. கை தவறிவிட்டது என்கிறோம், கால் பிசகியது என்கிறோம், யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். கிளிட்ச்சும் அப்படி வழுக்கி வந்த சொல்தான்.

அப்புறம், இலக்கணக்காரர்கள் இதை முறையாக வகைப்படுத்தியே வைத்திருக்கிறார்கள். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று நன்னூல் வழுவை ஏழாக்குகிறது. அதைவிட அழகு 'வழுவமைதி', அதாவது தக்க காரணம் இருந்தால் வழுவையும் ஏற்றுக்கொள்வது. தன் பசுவைப் பார்த்து ஒருவர் 'என் அம்மா வந்தாள்' என்றால் அது திணை வழு. ஆனால் அன்பினால் சொன்னது, ஆகவே அமைத்துக்கொள்ளலாம். சாப்பிட்டுக்கொண்டே 'இதோ வந்துட்டேன்' என்று குரல் கொடுக்கிறோமே, அது கால வழு. விரைவுக்காகச் சொன்னது என்று தொல்காப்பியமே அதை ஏற்கிறது.

நம் அலுவலகங்களில் 'இது பக் இல்லை, ஃபீச்சர்' (வேண்டுமென்றே வைத்த வசதி) என்று ஒரு டிக்கெட்டை, அதாவது பதிவான புகாரை, மூடுவார்கள். தக்க காரணத்தோடு மூடினால் அதற்குத் தமிழில் வழுவமைதி என்றே பெயர் வைக்கலாம். இவ்வளவு வசதியுள்ள சொல்லை, முதல் தடவை புரியவில்லை என்பதற்காக விட்டுவிடலாமா?

அந்தப் பூச்சி இன்னும் இருக்கிறதா, அண்ணா?

இருக்கிறது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில், அதே குறிப்பேட்டில், அதே டேப்புக்கு அடியில். படம் கிடைத்தால் பெரிதாக்கி, பூச்சிக்கு மேலும் கீழும் உள்ள வரிகளையும் படியுங்கள். 3.25க்குக் கூட்டல் சோதனை ஆரம்பித்திருக்கிறார்கள். 3.45க்குப் பூச்சி. 4.30க்கு அடுத்த கணக்கை ஓடவிட்டு, 5 மணிக்கு மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.