நோன்புக் கஞ்சியும் உங்கள் தந்தையாரின் தயக்கமும்

வணக்கம். பக்கத்து வீட்டு இஸ்லாமியக் குடும்பம் ரமலானில் அனுப்பிய நோன்புக் கஞ்சியை, நம் சாமிக்குச் செய்யும் துரோகம் என்று கூறி உங்கள் தந்தையார் திருப்பி அனுப்பியதை வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயரமான, 131 அடிப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர், 18ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங் என்பதையும், அதனால் அவர் இந்துவாக இல்லாமல் போய்விடவில்லை என்பதையும் அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். கஞ்சியில் இறைச்சி சேர்ந்திருக்குமோ என்பதுதான் அவருடைய தயக்கம் என்றால் (பல வீடுகளில் சேர்ப்பதுண்டு), அந்த ஒழுக்கமும் மதிக்கத்தக்கதே. அதை அவர்களிடம் மனம் திறந்து சொல்லிவிடலாம். எப்படியானாலும், இன்று நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்பாக ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போய் வாருங்கள்.