வாசகர் கேள்வி - பதில்: ஒரே கருப்பட்டிக்கு எத்தனை விலை?

கேள்வி: உடன்குடிப் பக்கத்திலிருந்து கருப்பட்டி, பனங்கற்கண்டு, சுக்குக் காப்பித் தூள் ஆகியவற்றை வாங்கி, வூகாமர்ஸ் என்ற இணையக் கடை மென்பொருளில் அமைத்த கடை வழியாக விற்று வருகிறேன். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று வாங்குகிறார்கள். நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சிகள் சிலர் இருபது, முப்பது கிலோவாக எடுக்கிறார்கள். அவர்களுக்காக ‘மொத்த விலை’ என்று தனிப் பக்கம் ஒன்றை உருவாக்கி, கடைப் பட்டியலில் தெரியாதபடி மறைத்து, இணைப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வந்தேன். அந்த இணைப்பு எப்படியோ ஒரு குடும்பக் குழுவுக்குப் போய், ஒரே வாரத்தில் பதினொரு பேர் மொத்த விலைக்கு ஒவ்வொரு கிலோ ஆர்டர் செய்துவிட்டார்கள். முறையாகச் செய்ய என்ன வழி?
- வாசகி, திசையன்விளை

பதில்: முதலில் அந்தப் பதினொரு ஆர்டர்களையும் காட்டிய விலைக்கே அனுப்பிவிடுங்கள். விலையைத் திரையில் காட்டியது உங்கள் கடைதான். வாங்கியவர்கள் எதையும் உடைத்துக்கொண்டு உள்ளே வரவில்லை. அனுப்பிய கையோடு அந்தப் பக்கத்தை நீக்கிவிடுங்கள்.

மறைத்து வைத்த பக்கம் பூட்டிய பக்கம் ஆகாது. இணைப்பு யார் கையில் இருந்தாலும் அது திறக்கும். அதைவிடப் பெரிய சங்கடம் சரக்குக் கணக்கில் இருக்கிறது. ஒரே கருப்பட்டியை இரண்டு பொருளாகப் பதிந்தால் சில்லறைப் பக்கம் 40 கிலோ, மொத்தப் பக்கம் 40 கிலோ என்று காட்டிக்கொண்டிருக்கும். அறையில் இருப்பதோ எல்லாம் சேர்த்தே 40 கிலோ. பதநீர்ப் பருவம் முடிந்து சரக்கு குறையும் மாதங்களில் இது உங்களை நன்றாகவே மாட்டிவிடும். ஆகவே பொருள் ஒன்றாகவும் சரக்கு எண்ணிக்கை ஒன்றாகவும் இருக்க, விலை மட்டும் வாங்குபவரின் பிரிவைப் பொறுத்து மாறும்படி அமைப்பதே சரியான வழி.

ஓப்பன்கார்ட், மெஜெண்டோ போன்ற மென்பொருள்களில் வாடிக்கையாளர் பிரிவு என்பது உள்ளேயே இருக்கிறது. பிரிவுக்கு ஒரு விலையைப் பொருளின் பக்கத்திலேயே பதியலாம். வூகாமர்ஸின் அடிப்படை அமைப்பில் வழக்கமான விலை, சலுகை விலை என்ற இரண்டு கட்டங்கள்தாம் உண்டு. மொத்த விலைக்குத் தனியாக ஒரு பிளகின், அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள், சேர்க்க வேண்டும். அதை நிறுவினால், ‘மொத்த வணிகர்’ என்ற பிரிவில் நீங்கள் சேர்த்தவர் தம் கணக்கில் நுழைந்தால் மட்டுமே அந்த விலை தெரியும். மற்றவருக்குச் சில்லறை விலைதான். பிளகின் வாங்குமுன், குறைந்தபட்ச அளவை வைக்க அதில் இடமுண்டா என்று பாருங்கள். மொத்த வணிகராகவே இருந்தாலும் 10 கிலோவுக்குக் குறைவாக எடுத்தால் சில்லறை விலை என்று இருப்பதுதான் நியாயம்.

எத்தனை பிரிவுகள் என்று கேட்டால், உங்கள் அளவிலான கடைக்கு இரண்டு போதும், மிஞ்சிப்போனால் மூன்று. தெரிந்தவர், சொந்தக்காரர், பழைய வாடிக்கையாளர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று பிரித்துக்கொண்டே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்தில் யாருக்கு என்ன விலை என்பது அவர்களுக்கே மறந்துபோகும். திருநெல்வேலி டவுன் ரத வீதிக் கடையில் துண்டுச் சீட்டில் விலையை எழுதிக் காட்டிவிட்டுக் கிழித்துப் போடலாம். இணையக் கடையில் அதற்கு வழியில்லை. எந்த விலையும் என்றாவது ஒருநாள் திரைப்பிடிப்பாக இன்னொருவர் கைக்குப் போகும். அன்று, “அவர் இருபது கிலோ எடுக்கிறார், அதனால் அந்த விலை” என்று ஒரே வரியில் உங்களால் சொல்ல முடிய வேண்டும். சொந்தக்காரர்களுக்கு விலைப் பிரிவு வேண்டாம். பொட்டலத்தோடு கால் கிலோ பனங்கற்கண்டு சேர்த்து அனுப்பினால் அவர்களுக்கும் மகிழ்ச்சி, கணக்கும் குழம்பாது.

அடுத்து, கடை முழுவதற்கும் ‘மொத்த வணிகருக்கு 15 சதவீதம் குறைவு’ என்று ஒரே விதியைப் போட்டுவிடாதீர்கள். சுக்குக் காப்பித் தூளில் லாபம் கூடுதல், அது தாங்கும். கருப்பட்டி தாங்காது. கருப்பட்டியின் சில்லறை விலை கிலோ ₹400 என்றும், கொள்முதலும் பொட்டலச் செலவும் சேர்ந்து ₹315 என்றும் வைத்துக்கொள்வோம். 15 சதவீதம் குறைத்தால் ₹340. கிலோவுக்கு ₹25 நிற்கும். தீபாவளிக்காகச் சில்லறை வாடிக்கையாளருக்கு என்று நீங்கள் அறிவித்த 10 சதவீதக் கூப்பனை மொத்த வணிகரும் போட்டுவிட்டால் விலை ₹306 ஆகிவிடும். 25 கிலோ ஆர்டரில் ₹225 கையை விட்டுப் போகும். ‘ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூரியர் இலவசம்’ என்ற அறிவிப்பும் இருந்தால், அந்தச் செலவு வேறு. எனவே கருப்பட்டிக்கும் கற்கண்டுக்கும் கொள்முதலிலிருந்து மேல்நோக்கிக் கணக்கிட்டு மொத்த விலையை ரூபாயாகவே பதியுங்கள். தூளுக்கு வேண்டுமானால் சதவீதம் வைக்கலாம். மொத்த வணிகர் பிரிவுக்குக் கூப்பனையும் இலவசக் கூரியரையும் அடைத்துவிட்டு, சரக்கை லாரி பார்சலில் ‘டு-பே’யாக, அதாவது பெறுபவரே வாடகை கொடுக்கும்படி, அனுப்புங்கள். நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கு அது பழகிய முறைதான்.

இந்தப் பிரிவில் யாரையும் தானாகச் சேர விடாதீர்கள். விண்ணப்பப் படிவம் வைத்து, பார்த்த பிறகு நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. எண் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். 15 எழுத்துகளும் எண்களும் கொண்ட அந்த எண் தமிழ்நாட்டுக் கடைக்கு 33 என்று தொடங்கும், அரசின் ஜி.எஸ்.டி. தளத்திலேயே அதைச் சரிபார்க்கலாம். ஆனால் சிறிய கடைகள் பலவும் பதிவு வரம்புக்குள் வராதவை என்பதால் அதைக் கட்டாயமாக்க வேண்டாம். உணவுப் பொருள் விற்கும் கடையாயிற்றே, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண்ணைக் கேளுங்கள்; கடைப் பெயர்ப்பலகையின் படம் ஒன்றும் கேளுங்கள்.

எல்லாம் அமைத்த பிறகு ஒரு சோதனை. தளம் விரைவாகத் திறப்பதற்காகப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் கேச் பிளகின், கணக்கில் நுழைந்தவருக்குக் காட்டிய பக்கத்தையும் சேமித்து வைத்து, அடுத்து வரும் யாரோ ஒருவருக்கும் அதையே காட்டிவிடுவதுண்டு. அப்போது மொத்த விலை மறுபடியும் ஊருக்கே தெரிந்துவிடும். கணக்கில் நுழைந்தவர்களுக்குக் கேச் வேண்டாம் என்று அமைத்துவிட்டு, மொத்த வணிகர் கணக்கில் ஒரு முறையும், கைப்பேசியில் கணக்கில் நுழையாத புதியவர்போல் பார்க்க உதவும் இன்காக்னிட்டோ சாளரத்தில் ஒரு முறையும் அதே பக்கத்தைத் திறந்து, விலையை மட்டுமல்லாமல் கூடையில் வரும் மொத்தத் தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: பத்தமடைப் பாய் விற்கிறோம். மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய்க்கு ஒரு விலையும் சாதாரணப் பாய்க்கு ஒரு விலையும் வைப்பதற்கு வாடிக்கையாளர் பிரிவு தேவையா? பெருநகர அஞ்சல் குறியீட்டுக்குக் கூடுதல் விலை காட்டலாம் என்று மருமகன் சொல்கிறார்.
- வாசகர், சேரன்மகாதேவி

பதில்: பெயர் நெய்வது பாயைச் சேர்ந்த வேறுபாடு, வாங்குபவரைச் சேர்ந்ததன்று, அதே பொருளில் இன்னொரு வகையாகச் சேர்த்து, பெயர்களை எழுத ஒரு கட்டமும் நெய்ய ஆகும் நாள்களும் கொடுத்தால் போதும். மருமகன் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். ஒரே வகை நுகர்வோருக்கு இடையே பாகுபாடு காட்டுவதையும், அவர்களின் உரிமையைப் பாதிக்கும்படி மனம்போனபடி வகைப்படுத்துவதையும் 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் தடுக்கின்றன. தூரத்து ஊருக்குச் செலவு கூடினால் அதை அனுப்பும் செலவில் வெளிப்படையாகக் காட்டுங்கள். பாயின் விலையில் கலக்க வேண்டாம்.

கேள்வி: பொட்டலத்தில் எம்.ஆர்.பி. ₹220 என்று அச்சிட்டிருக்கிறோம். மொத்த வணிகருக்கு ₹180-க்குக் கொடுப்பது சரியா? பில்லில் எப்படிக் காட்டுவது?
- வாசகர், வள்ளியூர்

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் அடங்கிய உச்ச விலை. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதுதான் சட்டம், கீழே விற்கத் தடையில்லை. தகராறு வருவது வேறு இடத்தில். மொத்த வணிகர்கள் வரி நீங்கலாகவே விலை பேசுவார்கள். உங்கள் கடையிலோ விலைகள் வரியோடு பதிந்திருக்கும். ₹180 என்பது வரி உள்பட என்றால் அவர் தருவது ₹180. 5 சதவீத வரி நீங்கலாக என்றால் ₹189. எது என்பதை மொத்த விலைப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். தள்ளுபடியாகக் காட்டுவதானால் அதே பில்லில் காட்டுங்கள். அப்போது தள்ளுபடி போக மீதித் தொகைக்குத்தான் ஜி.எஸ்.டி. கணக்கிடப்படும். மாதக் கடைசியில் மொத்தமாகக் கழித்துக் கொடுக்கும் பழக்கம் உண்டென்றால், அதற்கு வேறு நிபந்தனைகள் இருப்பதால் உங்கள் கணக்காளரைக் கலந்துகொண்டு செய்யுங்கள்.