ஆண்களுக்கு அடிக்கடி சிறுநீர் வருவதும் அடக்க முடியாமல் போவதும் ஏன்?

“அப்பாவுக்கு 63 வயது. இரவில் நான்கைந்து முறை எழுகிறார். பகலில் சில நேரம் கழிப்பறைக்குப் போவதற்குள் வேட்டி நனைந்துவிடுகிறது. வயதானால் இப்படித்தானா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. வயதின்மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். நான் மருத்துவன் அல்ல. மருந்துக் கடை வைத்திருக்கும் மருந்தாளுநன். கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி ஆண்கள் கேட்கும் விஷயம் இது. அவர்களிடம் நான் முதலில் கேட்பது எத்தனை முறை போகிறீர்கள் என்பதை அல்ல. ஒவ்வொரு முறையும் எவ்வளவு போகிறது என்பதைத்தான்.

ஒவ்வொரு முறையும் நிறையப் போகிறது என்றால் உடல் அதிகமாகச் சிறுநீரை உண்டாக்குகிறது. முதல் சந்தேகம் சர்க்கரை. இரத்தத்தில் அது டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரில் இறங்கத் தொடங்கும். இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடங்காத தாகமும் உடல் மெலிவும் கூடவே வரலாம். சாப்பிடும் மருந்துகளையும் பாருங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளின் வேலையே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதுதான். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் நீர் பிரியும் மாத்திரையை மாலையில் போட்டால் இரவுத் தூக்கம் போய்விடும். வேளையைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இரவில் மட்டும் தொல்லை என்றால் மாலையில் அப்பாவின் கணுக்காலைக் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து, மெல்ல நிரம்புகிறதா? பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. இதயம், சிறுநீரகம், ஆம்லோடிபின் போன்ற அழுத்த மாத்திரை என இதற்குப் பல காரணங்கள் உண்டு. பலத்த குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைப்படுவதும் இரவில் சிறுநீரைக் கூட்டும்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகிறது, தொடங்கவே நேரமாகிறது, வேகம் இல்லை, போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பது போலிருக்கிறது என்றால், இந்த வயதில் பெரும்பாலும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம். சிறுநீர்க் குழாய் அந்தச் சுரப்பிக்கு நடுவே போகிறது. சுரப்பி பெருத்தால் குழாய் நெரிபடும். சாதாரணமாக 400, 500 மில்லி வரை தாங்கும் சிறுநீர்ப்பை, அடைப்போடு மல்லுக்கட்டித் தடித்துப்போய், பாதி நிரம்புவதற்குள்ளேயே சுருங்கத் தொடங்கும். அவசரமும் வேட்டி நனைவதும் அதனால்தான். இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல.

பலர் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. சொட்டுச் சொட்டாக ஒழுகினால் பையில் எதுவும் நிற்கவில்லை என்று நினைக்கிறார்கள். பை காலியாகவே ஆகாமல், நிரம்பி வழிந்தும் அப்படி ஒழுகும். இத்தகையவர்கள் கடையில் கேட்டு வாங்கும் சாதாரணச் சளி மாத்திரைகூட ஆபத்து. தெரிந்த பெரியவர் ஒருவர் மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுப் படுத்தார். விடியும்போது ஒரு சொட்டும் போகவில்லை, அடிவயிறு கல்லாக இருந்தது. மருத்துவமனையில் டியூப் போட்டுத்தான் எடுத்தார்கள். அதனால் வயதான ஆண்களுக்குச் சளி மருந்து கொடுக்குமுன் சிறுநீர் சரியாகப் போகிறதா என்று நான் கேட்காமல் இருப்பதில்லை.

எரிச்சலோடு வந்தால் கிருமித்தொற்றோ கல்லோ இருக்கலாம். பக்கவாதம், பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய், நாள்பட்ட சர்க்கரையால் நரம்பு கெடுதல் ஆகியவையும் கட்டுப்பாட்டைக் குலைக்கும். புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு இருமினால் கசிவது தனி. இடுப்புத்தளத் தசைப் பயிற்சி அதற்கு நன்றாக உதவும்.

மூன்று நாள், ஓர் அளவுக் குவளையில் பிடித்து, நேரத்தையும் மில்லியையும் நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு அது பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். சிறுநீர், சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், தேவைப்பட்டால் புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையும் பார்ப்பார்கள். ஸ்கேனில் சிறுநீர் கழித்தபின் மிச்சம் எவ்வளவு என்று இரண்டாவது முறை பார்க்க வேண்டும், அதற்குமுன் கிளம்பிவிடாதீர்கள். பயந்து தண்ணீரை அடியோடு குறைக்கவும் வேண்டாம். சிறுநீர் அடர்ந்தால் பை இன்னும் எரிச்சலாகும், கல்லும் சேரும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மட்டும் குறைத்தால் போதும்.

வலியே இல்லாமல் ஒரே ஒரு முறை சிறுநீரில் இரத்தம் வந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள், புகைபிடிப்பவர் என்றால் கட்டாயமாக. சிறுநீர் அடியோடு நின்றாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, கால் பலவீனத்தோடு ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.