கிணற்றடியில் ஐபி 65 பெட்டி பூட்டியும் உள்ளே தண்ணீர் நிற்பது ஏன்?

பருத்தித்துறையில், கடலுக்குக் கிட்ட, நீர்மூழ்கி மோட்டருக்குப் பூட்டிய ஐபி 65 (தூசியும் தண்ணீரும் புகாமைக்கான தரஎண்) மின்பெட்டிக்குள் மாரி தொடங்கியதும் தண்ணீர் நிற்கிறது, கொன்டக்டர் (மோட்டருக்கு மின்னை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சு) முனைகளில் பச்சை படர்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். புதுப்பெட்டி வாங்க முதல், தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடியுங்கள்.

மெயினை நிறுத்துங்கள். கப்பாசிற்றரில் மின் தங்கி நிற்கும். மீற்றர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். உள்ளே துடைத்துக் காயவைத்து மூடி, மறுநாள் விடியத் திறவுங்கள். மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகத் துளி நின்றால் பெட்டி வியர்க்கிறது. மழைக்குப் பின் வயர் நுழையும் இடத்திலிருந்தோ ஆணித் துளையிலிருந்தோ கோடாக வடிந்திருந்தால் அது ஒழுக்கு. பெட்டியின் முதுகை உள்ளிருந்து துளைத்துச் சுவரில் அறைந்திருந்தால் 65 அன்றே போய்விட்டது.

65இல் 6 என்பது தூசி புகாது. 5 என்பது 6.3 மில்லிமீற்றர் வாயால் நிமிடத்துக்கு 12.5 லீற்றர் தண்ணீர் பீச்சினாலும் தாங்கும். வியர்ப்பதையும் உப்புக்காற்றையும் அந்தச் சோதனை தொடுவதேயில்லை. வெயிலில் 52 பாகைக்குச் சூடேறிய பெட்டி மழை பட்டு 27க்கு இறங்கினால் உள்ளிருக்கும் காற்று நூற்றுக்கு 8 அளவில் சுருங்கும். அந்தக் குறையை நிரப்ப, கிடைத்த இடுக்கால் ஈரக்காற்றை உறிஞ்சும். அதனால் சுற்றிவர சிலிக்கோன் அப்பாதீர்கள். புகுந்த ஈரம் உள்ளேயே கிடக்கும். வினாகிரி மணம் வரும் சிலிக்கோன் செம்பையும் அரிக்கும்.

பெட்டியின் அடியில், ஆகத் தாழ்ந்த இடத்தில், காற்றும் நீரும் வெளியேறும் வடிகால் அடைப்பான் ஒன்று பூட்டுங்கள். கிடைக்காவிட்டால் 5 மில்லிமீற்றர் துளையிட்டு, எறும்பு புகாமல் நுண்வலை வையுங்கள். தரஎண் குறையும்தான். ஆனால் கூரைக்குக் கீழ் உள்ள பெட்டிக்கு அதுவே நல்லது.

கிணற்றடிப் பெட்டிகளில் ஆகப் பெரிய பிழை இரண்டு. நீர்மூழ்கி மோட்டரின் வயர் தட்டை. வட்ட கிளாண்டின் (வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தை இறுக்கும் பூட்டு) றப்பர் அதன் இரு பக்கத்தையும் பிடிக்காது. தட்டை வயருக்கான றப்பர் போட்ட கிளாண்டைக் கேட்டு வாங்குங்கள், ஒரு கிளாண்டுக்கு ஒரு வயர் மட்டும். மற்றது, கிணற்றுக்குள்ளிருந்து நேரே வரும் பைப். கிணற்றின் ஈரமெல்லாம் அதனூடாகத்தான் பெட்டிக்குள் ஏறுகிறது. பைப்பின் வாயைப் பெட்டிக்கு வெளியிலேயே அடைத்துவிடுங்கள். வயர் கீழாக வளைந்து, அடியால் நுழையட்டும்.

பெயின்ற் அடித்த இரும்புப் பெட்டி கீறல் விழுந்த இடத்திலிருந்து கறள் பிடிக்கும். ஸ்ரெயின்லெஸ் உருக்கில் 304 ரகமும் கடலோரத்தில் பழுப்புக் கறை காட்டும். 316 நிற்கும், ஆனால் விலை. வெயில் தாங்கும் வெளிர்சாம்பல் பொலிகாபனேட் பிளாஸ்ரிக் பெட்டி போதும், திருகாணிகள் மட்டும் 316 ஆக இருக்கட்டும்.